பன்னிரண்டாம் வளைவில் ஒரு நிமிஷம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. இந்த ரோட்டைப் பார்க்க எனக்கு ஜன்னல் வேணாம். கண்ணைக் கட்டி உக்கார வச்சாலும் எத்தனாவது வளைவுன்னு சொல்லிருவேன். மொத்தம் இருபது. இப்ப திரும்பினது மூணு. டிரைவர் கியர் மாத்தின சத்தம் கேட்டுச்சா? ஆட்டை அறுக்கற மாதிரி. இவனெல்லாம் காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு டிரைவர்ங்கறான், நாமளும் டிக்கெட் எடுத்து ஏறுறோம்.

நீங்க எங்க, மேல தபாலாபீசுக்கா? புதுசா வேலையா? நல்லது, நல்லது. எழுத்துப் படிச்ச ஆளு பக்கத்துல எடம் கிடைச்சது இன்னைக்கு எனக்கு நல்ல சகுனம்தான். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

நான் யாருன்னு கேக்கலையே? வெள்ளையம்பட்டி ஜமீன் டிரைவர் சௌந்தரபாண்டி. கேள்விப்பட்டதில்லையா? கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அதுதான் என் வயித்தெரிச்சல். இந்த மலையை நான் இருபத்திரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுல ஏறியிருக்கேன். இந்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அப்ப தாரு ரோடா இருந்துச்சு? செம்மண்ணும் சல்லியும்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளம். தடுப்புச் சுவர் கிடையாது, ஒரு கல்லு கிடையாது. இருபத்தாறாம் வருஷம், சித்திரை மாசம். இன்னைக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு.

மேல கிளப்புல ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கு. காப்பித் தோட்டத்துத் துரைமாரு வருஷா வருஷம் நடத்தின கார் ரேசுல யாரு கப்பு வாங்கினான்னு தங்க எழுத்துல எழுதியிருக்கும். இருபத்தாறுக்கு நேரா பெர்கின்ஸ் துரைன்னு இருக்கு. அவன் இருபத்திநாலு நிமிஷத்துல வந்தவன். நான் இருபத்திரெண்டே முக்காலுக்குள்ள வந்தவன். இருபத்திநாலு முந்துமா, இருபத்திரெண்டு முந்துமா? சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டாய்ங்க தம்பி. அந்த எடத்துல என் பேரு வரணும். அதுக்குத்தான் வருஷா வருஷம் இந்த பஸ்ஸுல ஏறி மனுக் குடுத்துக்கிட்டிருக்கேன்.

வெள்ளைக்காரன் போயிட்டானே, இப்ப நம்ம ஆளுகதானே கிளப்புலன்னு கேப்பீங்க. நம்ம ஆளுகதான். பட்டாளத்துல இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு ஆளு செகரட்டரி. நாற்காலி போட்டு உக்கார வச்சு, காப்பி குடுத்து, "பெரியவரே, சாட்சி உண்டா?"ன்னு கேப்பாரு. அம்புட்டுத்தான். வெள்ளைக்காரன் நிக்க வச்சு இல்லேன்னான், இவர் காப்பி குடுத்து இல்லேங்கறாரு.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லேன்னா உங்களுக்குப் புரியாது.

அப்ப ரேசுன்னா இப்ப மாதிரி எல்லா வண்டியும் ஒண்ணாக் கிளம்பறது இல்ல. மலையடிவாரத்துல கொடியை ஆட்டி ஒவ்வொரு வண்டியா விடுவாய்ங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. மேல கிளப் வாசல்ல ரோட்டுக்குக் குறுக்க சுண்ணாம்புல கோடு போட்டிருக்கும். ஒரு துரை பெரிய கடிகாரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். யாரு குறைஞ்ச நேரத்துல வர்றானோ அவனுக்குக் கப்பு. துரைமாரு மட்டும்தான் ஓட்டுவாய்ங்க. எங்க எசமான், வெள்ளையம்பட்டி சின்ன ஜமீன், மெட்ராஸ்ல ஒரு வெள்ளைக்காரன்கிட்ட பழைய ரேஸ் வண்டியை வாங்கி, ரேசுல விட கிளப்புலயும் சம்மதம் வாங்கிட்டாரு. வாங்கிட்டாரே தவிர ஓட்டத் தைரியம் இல்லை. "டேய் பாண்டி, நீ ஓட்டு, பலகையில உன் பேரு வரட்டும். வெள்ளைக்காரன் பேருக்கு நடுவுல நம்ம ஊர்க்காரன் பேரு வரட்டும்"னாரு. அந்த வார்த்தையைக் கேட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. என் பேரு! தங்க எழுத்துல! எங்கப்பன் பேரு அவன் செத்தப்ப ஒரு கல்லுல கூட எழுதலை.

அந்த வண்டியில ரெண்டு பேரு போகணும். அது சட்டம். ஓட்டறவன் ஒருத்தன், கூட மெக்கானிக் ஒருத்தன். ரெண்டு சீட்டு, கதவு கிடையாது. இந்தக் காலத்துப் பயலுகளுக்குச் சொன்னா நம்ப மாட்டாய்ங்க, பெட்ரோல் தானா எஞ்சினுக்குப் போகாது தம்பி. டாங்குல காத்து அடிச்சு அமுக்கினாத்தான் போகும். அதுக்கு ஒரு கைப்பம்பு உண்டு. அதைக் கூட உக்காந்திருக்கிறவன் விடாம அடிக்கணும். விட்டா எஞ்சின் இருமிக்கிட்டே நின்னுரும். அதோட வளைவு வரும்போது அவன் வளைவோட உள்பக்கமா, வண்டிக்கு வெளிய சாஞ்சு தொங்கணும். அப்பத்தான் சக்கரம் தூக்காது. நல்ல மெக்கானிக் பாதி வண்டிம்பாய்ங்க. பாதின்னு நான் சொல்லமாட்டேன். கால்வாசி சொல்லலாம்.

என் மெக்கானிக் என் மச்சினன். பொண்டாட்டி சிலம்பாயியோட தம்பி, அழகுமலை. இருபத்திநாலு வயசு. மெட்ராஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல மூணு வருஷம் இருந்துட்டு வந்தவன். அந்த வண்டி வந்தப்ப செத்த மாடு மாதிரி கிடந்துச்சு. எட்டு நாள் ராப்பகலா எஞ்சினைக் கழட்டிப் பரப்பி வச்சு, திரும்ப மாட்டி ஓட வச்சான். நான் இல்லேங்கல. கை வேலை தெரிஞ்ச பயல்தான். ஆனா ஓட்டறதுக்கு நெஞ்சு வேணும்ல? அது அவனுக்குக் கிடையாது. "மாமா, பாறைக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு கை எடம் விட்டே திருப்புங்க மாமா"ன்னு நச்சரிப்பான். வெளிய தொங்கறவன் அவன்தானே, பயம் இருக்கத்தான் செய்யும்.

எஞ்சின் சத்தத்துல பேச்சு கேக்காது. அதனால தட்டுத்தான் பாஷை. என் தோள்ல ஒரு தட்டு தட்டினா பின்னாடி ஏதோ வருது. ரெண்டு தட்டினா எண்ணெய் குறையுது. மூணு தட்டினா நிறுத்து. அவன்தான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தான். மெட்ராஸ்ல படிச்ச படிப்பு.

பாருங்க, ஆறாவது வளைவு. இங்க குரங்கு நிறைய. கையில இருக்கிற பையைப் பத்திரமாப் பிடிச்சுக்குங்க.

ரேசன்னைக்குப் பெர்கின்ஸ் எங்களுக்கு முன்னாடியே போயிட்டான். மேல இருந்து டெலிபோன்ல சொல்லிட்டாய்ங்க, இருபத்திநாலு நிமிஷம் பத்து செகண்டுன்னு. நாங்க ஓட்டிப் பழகினப்ப எங்களுக்கு இருபத்திநாலரைதான் வந்துச்சு. ஒரு கை எடம் விட்டுத் திருப்பினா இருபத்திநாலரைதான் வரும். நான் யோசிச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் ஒரு கைக்குப் பதிலா ஒரு சாண் விட்டா? கணக்கு நேராப் போச்சு. அவன்கிட்ட சொல்லலை. சொன்னா ஏறவே மாட்டான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துங்கற ரகம் அவன்.

கிளம்பினோம். அம்மாடி! அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்றது தம்பி. தோட்டத்துச் சனம் பூரா மேட்டு மேல நின்னு கத்துது. புழுதி. முதல் எட்டு வளைவும் ஒரு சாண்ல எடுத்தேன். ஒண்ணுல அவன் சட்டை பாறையில உரசிக் கிழிஞ்சுருச்சு. தோள்ல தட்டறதுக்குப் பதிலாக் குத்தறான். நான் சிரிச்சேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல. கல்யாணத்தன்னைக்குக் கூட வந்ததில்ல.

அந்தா, ஒம்போது. வந்துருச்சு பாருங்க. அந்த மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அந்தப் பாறைதான். அப்ப இன்னும் நீளமா இருந்துச்சு, ரோட்டை அகலமாக்கறப்ப வெடி வச்சு உடைச்சுட்டாய்ங்க. முன்னாடியே உடைச்சிருந்தா எனக்கு இம்புட்டு கஷ்டம் இல்லை.

ஒரு சத்தம் கேட்டுச்சு. பெரிய சத்தம் ஒண்ணும் இல்லை. திரும்பிப் பார்த்தா அவன் சீட்டுக்குள்ள வந்து விழுந்து கிடக்கான். விலாவெல்லாம் உள்ள போயிருச்சு. வாயில ரத்தம். அது என் தப்பா? அவன் கொஞ்சம் முன்னாடியே உள்ள வந்திருக்கணும். முன்னாடி எட்டு வளைவுலயும் சரியாத்தானே வந்தான்? ஒம்போதுல மட்டும் எங்க பராக்குப் பார்த்தான்?

மூணு தட்டு தட்டினான். ஆமா, எனக்குத் தெரிஞ்சது. மூணு. கொஞ்சம் விட்டு மறுபடி மூணு. நான் என்ன செய்யறது? மணி என்கிட்ட இல்லை, ஆனா உடம்புக்குத் தெரியும்ல, பெர்கின்ஸை விட ரெண்டு நிமிஷம் முன்னாடி இருக்கேன்னு உடம்பு சொல்லுது. சாண் ஏறினா முழம் சறுக்கற பொழப்புல, வாழ்க்கையில ஒரே ஒரு தரம் நான் முழம் ஏறியிருக்கேன். "இருடா, பதினோரு வளைவுதான், பல்லைக் கடிச்சுக்க"ன்னு கத்தினேன். கேட்டுச்சோ என்னவோ.

அப்புறம் அவன் செஞ்சதுதான் தம்பி எனக்கு இன்னைக்கும் மனசு ஆறலை. பம்பை விட்டுட்டான். முடியாம விட்டான்னு நினைக்காதீங்க. கை நல்லாத்தான் இருந்துச்சு, அந்தக் கையாலதானே தட்டறான். வேணும்னே விட்டான். பெட்ரோல் போகலேன்னா வண்டி நின்னுரும்ல? நிக்கட்டும்னு விட்டான். என் முகத்தைப் பார்த்துக்கிட்டே விட்டான். சொந்த அக்கா புருசன். சொல்லுங்க, இது குடும்பத்துக்காரன் செய்யற வேலையா?

எஞ்சின் இரும ஆரம்பிச்சுச்சு. நான் விடுவேனா? இடது கையைக் குறுக்க விட்டுப் பம்பைப் பிடிச்சேன். வலது கையில ஸ்டியரிங், இடது கையில பம்பு. பத்தாவது வளைவு, பதினொண்ணாவது வளைவு ரெண்டையும் ஒத்தக் கையில எடுத்தேன். உலகத்துல எவன் எடுத்திருக்கான்? இதை ஒரு பேப்பர்காரனும் எழுதலை. ஆனா இன்னொரு தொல்லை. அவன் சரியறான். கதவு இல்லாத வண்டி. விழுந்துட்டான்னா தீர்ந்துச்சு, ரெண்டு பேரும் கோட்டைத் தாண்டணும்ங்கறது சட்டம். என் தோளால முட்டுக் குடுத்துப் பார்த்தேன். நிக்கலை.

நிறுத்தலை, நிறுத்தலைன்னு ஊரு பூரா என்னைப் பேசினாய்ங்களே, நான் நிறுத்தினேன் தம்பி. சத்தியமா நிறுத்தினேன். இந்த எடத்துலதான், பாருங்க, பஸ்ஸும் நிக்குது. பன்னெண்டாவது வளைவு. எல்லா பஸ்ஸும் இங்க நிக்கும், நர்சுப் பிள்ளைக இறங்கும். அந்தா, அந்த வெள்ளைக் கட்டடம். இப்ப சர்க்கார் ஆஸ்பத்திரி, அப்ப தோட்டத்து ஆஸ்பத்திரி. மலை பூராவும் சரிவு, அந்தக் காலத்து பிரேக்கு சரிவுல பிடிக்காது, வண்டி பின்னாடி உருண்டுரும். சமதளம்னா இந்த ஆஸ்பத்திரி வாசல் ஒண்ணுதான். அதனால இங்க நிறுத்தினேன். பம்பை நாலு அடி அடிச்சுட்டு இறங்கி அந்தப் பக்கம் ஓடினேன். அவன் கழுத்துல கிடந்த துண்டை எடுத்து, அக்குளுக்குக் கீழ குடுத்து, சீட்டோட சேர்த்து ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இறுக்கமா. கட்டும்போது அவன் என் கையைப் பிடிச்சான். என்னமோ சொன்னான். எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு, அணைச்சா மறுபடி கிளப்ப யாரு இருக்கா? மெக்கானிக்கே படுத்துட்டானே. அதனால ஒண்ணும் கேக்கலை.

டாக்டர் மேல வராந்தாவுல ரேஸ் பார்க்க நின்னுக்கிட்டிருந்தாரு. மங்களூர்ப் பக்கத்து ஆளு, நல்ல மனுசன். பார்த்துட்டு வெறுங்காலோட படியில ஓடி வர்றாரு. அழகுமலை அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் ஏறி உக்காந்து கியரைப் போட்டுட்டேன். ஒரு நிமிஷம் தம்பி! முழுசா ஒரு நிமிஷம் வீணாப் போச்சு. அவர் கடைசிப் படிக்கு வந்தப்ப நான் பதிமூணாவது வளைவுக்குப் போயிட்டேன். அந்த ஒரு நிமிஷம் இல்லேன்னா என் நேரம் இருபத்தொண்ணு நாப்பது. நான் அவனுக்காக நிறுத்தினேன்னு ஒருத்தனாவது சொல்லியிருக்கானா?

என்ன தம்பி, இறங்கவா போறீங்க? தபாலாபீஸ் இன்னும் மேல. உக்காருங்க, உக்காருங்க. மலை ஏத்தம் சில பேருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாருங்க.

அப்புறம் எட்டு வளைவு. முதல்ல கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டிருந்தான், கை என் தொடையில கிடந்துச்சு. பதினாறுக்கு மேல தட்டறது நின்னுச்சு. உள்ளதைச் சொல்றேனே, அதுக்கப்புறம்தான் எனக்குக் கவனமா ஓட்ட முடிஞ்சுது.

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். ரெண்டு பேரும் சீட்டுல. சட்டப்படி. சனம் ஓடி வருது. சிலம்பாயி ஆரத்தித் தட்டோட நிக்கறா. ஜமீன்தான் அவளை மாட்டு வண்டியில முதல் நாளே மேல அனுப்பியிருந்தாரு. தம்பியைப் பார்த்ததும் தட்டைக் கீழ போட்டுட்டா. மஞ்சத் தண்ணி பூரா சக்கரத்துல. ஜெயிச்சுட்டு வந்தவன் முன்னாடி ஆரத்தியைக் கொட்டலாமா? அப்பவே நினைச்சேன், இது வெளங்காதுன்னு.

நான் நேரா கடிகாரத்துகிட்ட ஓடினேன். பின்ன? வெள்ளைக்காரன் எழுதற நேரம். நாம பக்கத்துல நிக்கலேன்னா ரெண்டு நிமிஷத்தைக் கூட்டி எழுதிருவான். இருபத்திரெண்டு நாப்பதுன்னு அவன் வாயால சொல்ல வச்சு, ஜமீனைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போட வச்சு, அதுக்கப்புறம்தான் வண்டிகிட்ட வந்தேன். சிலம்பாயி துண்டை அவுத்து அவனைக் கீழ இறக்கி மடியில போட்டிருந்தா. முடிஞ்சிருந்துச்சு.

வருத்தம் இல்லையான்னு கேக்காதீங்க. வருத்தம்தான். அவன் மாதிரி பம்பு அடிக்க எனக்கு ஆளே கிடைக்கலை.

சாயங்காலம் வராந்தாவுல விசாரணை. மூணு துரை. செகரட்டரி மர்டக் துரை. என்னைப் படிக்குக் கீழ நிக்க வச்சு, பட்லர் மூலமாப் பேசறாய்ங்க. மர்டக் சொன்னான்: "சட்டப்படி ரெண்டு ஆளு கோட்டைத் தாண்டணும். பொணம் ஆளு இல்லை. பாரம்." எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. "உசுரோட தாண்டணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டச் சொல்லு"ன்னேன். பட்லர் அதைச் சொல்ல மாட்டேன்னுட்டான். பயந்தாங்கொள்ளி. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறான்.

டாக்டரும் ரேஸ் வண்டியெல்லாம் போய் ரோட்டைத் திறந்துவிட்டப்புறம் தன் வண்டியில வந்துட்டாரு. அவரைக் கேட்டாய்ங்க. "என் ஆஸ்பத்திரி வாசல்ல உயிரோட இருந்தான். கையைத் தூக்கினான். அங்கேயே விட்டிருந்தா பிழைச்சிருப்பான்"னாரு. எனக்கு எம்புட்டு சந்தோசம்! பன்னெண்டு வரைக்கும் சாட்சி கிடைச்சுருச்சு. "கேட்டுக்கிட்டீங்களா? நல்லா எழுதிக்குங்க, உசுரோட இருந்தான்"னு நானே சொன்னேன். அந்த டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. அப்புறம் சாகிற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்கலை அந்த மனுசன். எனக்காகத்தானே சாட்சி சொன்னாரு, எதுக்குக் கோவம்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

ஆனா பன்னெண்டுல இருந்து இருபது வரைக்கும்? மர்டக் கேட்டான், கோட்டைத் தாண்டினப்ப உசுரு இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, நான் கடிகாரத்துகிட்ட இருந்தேன். மத்தவய்ங்க பூரா என் பின்னாடி கடிகாரத்துகிட்ட வந்துட்டாய்ங்க. தெரிஞ்சவ ஒருத்திதான். சிலம்பாயி. அவதானே மடியில வாங்கினா. கூப்பிட்டுக் கேட்டாய்ங்க. ரத்தச் சேலையோட வந்து நின்னா. நான் எதிர்ல நின்னு கண்ணைக் காட்டறேன், கையைக் காட்டறேன், "சொல்லு சிலம்பா, உசுரு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னு கெஞ்சறேன். தாலி கட்டினவன் ஊரறியக் கெஞ்சறேன் தம்பி. வாயைத் திறக்கலை.

முடிஞ்சுது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை. கப்பு பெர்கின்ஸுக்குப் போச்சு. "விட்றா பாண்டி, கறுப்பன் ஜெயிச்சா இவய்ங்க ஒத்துக்குவாய்ங்களா"ன்னு சொல்லிட்டு ஜமீன் அடுத்த மாசமே வண்டியை வித்துட்டாரு. அது நிசம்தான். செத்தது வெள்ளைக்காரன் மெக்கானிக்கா இருந்தா பாரம்னு சொல்லியிருப்பாய்ங்களா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு மூடின வாயை அவ என்கிட்டத் திறக்கவே இல்லை. ஊமையெல்லாம் இல்லை. அக்கம்பக்கத்துல பேசுவா, கோழிகிட்டப் பேசுவா. என்கிட்ட மட்டும் இல்லை. சோறு போடுவா, துணி துவைப்பா, காய்ச்சல்னா கசாயம் வைப்பா. ஒரு சொல் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம். நானும் சொல்லிப் பார்த்துட்டேன். "கப்பு போச்சேன்னு உனக்கு வருத்தம், எனக்குத் தெரியாதா? நீ சாட்சி சொல்லியிருந்தா வந்திருக்கும்ல? தப்பை நீ பண்ணிட்டு என் மேல கோவிச்சா எப்படி?"ன்னு. கல்லு மாதிரி உக்காந்திருப்பா. நாய் வாலை நிமிர்த்தவா முடியும்? வயசானா சரியாகும்னு விட்டுட்டேன்.

பதினாறு தாண்டிருச்சா? குளிருதுல்ல? துண்டைக் காதுல சுத்திக்குங்க.

இப்ப கேளுங்க விசயத்தை. போன வாரம் செகரட்டரிகிட்ட இருந்து ஆளு வந்துச்சு. பலகையைப் புதுசா எழுதப்போறாங்களாம். "கடைசியாக் கேக்கறோம், சாட்சி ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமை கமிட்டிக்குக் கொண்டு வாங்க"ன்னு. நான் அவகிட்டச் சொன்னேன். வழக்கம்போல அரிசியைப் புடைச்சுக்கிட்டே இருந்தா. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, முறத்தைக் கீழ வச்சுட்டு எதுத்த வீட்டு டீச்சரம்மா ஞானசுந்தரி வீட்டுக்குள்ள போறா. ஒரு மணி நேரம். நேத்து ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சா. அடியில அவ கைநாட்டு. நாலா மடிச்சிருக்கு. சாட்சி தம்பி! முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு அவளுக்கு என் மேல மனசு இளகிருச்சு. கட்டின பொண்டாட்டி கட்டின பொண்டாட்டிதான். எனக்கு அழுகையே வந்துருச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அவ காலைத் தொடலாமான்னு கூட வந்துச்சு.

டீச்சரம்மாகிட்ட, "என்னம்மா எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு"ன்னேன். "நீங்க கமிட்டியிலயே கேட்டுக்குங்க"ன்னு கதவைச் சாத்திக்கிட்டா. பொம்பளைக்கு எம்புட்டு கிராக்கி பாருங்க. எனக்கு வண்டி நம்பர் தெரியும், மணி பார்க்கத் தெரியும், எழுத்துக் கூட்ட வராது. அதான் சொன்னேன், நீங்க பக்கத்துல உக்காந்தது நல்ல சகுனம்னு. இந்தாங்க. கிழிஞ்சுராமப் பிரிங்க. வாசிங்க.

ம்... "சிலம்பாயி சொல்லி எழுதியது." சரி. ம்... "வண்டி கோட்டைத் தாண்டி நின்றபோது என் தம்பி அழகுமலைக்கு உயிர் இருந்தது."

நிறுத்துங்க! நிறுத்துங்க தம்பி. அதை இன்னொரு தடவை வாசிங்க. ...அப்பாடி. அப்பாடி. முருகா! முப்பத்தெட்டு வருஷம். இருங்க, மூக்கைச் சிந்திக்கிறேன்.

ம், மேல வாசிங்க. "என் மடியில் ஒரு நாழிகை இருந்தான்." கேட்டீங்களா, ஒரு நாழிகை! இருபத்திநாலு நிமிஷம்! மர்டக் துரை இப்ப இருந்திருக்கணும். ம். "அக்கா, ஆஸ்பத்திரியில் இறக்கிவிடச் சொன்னேன், மாமா கட்டிப் போட்டுவிட்டார் என்றான். தண்ணீர் கேட்டான். குடித்தது வாய் வழியே ரத்தமாக வந்தது." ம்.

ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்கு போலிருக்கே, பாதிக் காகிதம் பாக்கி கிடக்கு. அட, வாசிங்க தம்பி. என்னை ஏன் பார்க்கறீங்க, காகிதத்தைப் பாருங்க.

"என் தம்பியைக் கொன்றது பாறை இல்லை. இவர். அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இவருக்குக் கோப்பை கிடைத்திருக்கும். அதனால் சொல்லவில்லை. இப்போது இவர் பேரை எழுதுகிற பலகையில் இதையும் சேர்த்து எழுதுங்கள்."

...

சரி. சரி. அவ்வளவுதானா? அடியில கைநாட்டு இருக்குல்ல?

பொம்பளை மனசு அப்படித்தான் தம்பி, நாலு வார்த்தை கூடத்தான் வரும். டீச்சரம்மாவும் தன் பங்குக்கு ஏத்தி எழுதியிருப்பா. கமிட்டிக்கு அதெல்லாம் எதுக்கு? அவய்ங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு, கோட்டைத் தாண்டினப்ப ஆளா, பாரமா. அதுக்குப் பதில் வந்துருச்சு. பாருங்க, அவன் பேசியிருக்கான். பொணம் பேசுமா? தண்ணி கேட்டிருக்கான். பொணம் தண்ணி கேக்குமா? கொன்னேன்னு அவளே சொல்றா, செத்தவனை எவனாவது கொல்ல முடியுமா? உசுரோட இருந்தாத்தானே கொல்ல முடியும்! இதைவிடப் பெரிய சாட்சி எவன் குடுப்பான்?

இருபதாவது வளைவு. அந்தா, கிளப்பு. உங்க தபாலாபீசு எதுத்தாப்புலதான், பதினோரு மணிக்குள்ள போனாப் போதும். அஞ்சு நிமிஷம் என்கூட உள்ள வாங்க தம்பி, மாட்டேன்னு சொல்லிராதீங்க. அந்தச் செகரட்டரிக்குத் தமிழ் எழுத்து அம்புட்டு சரளமா வராது. நீங்கதான் வாசிக்கணும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா வாசிங்க. ஒரு வரி விட்டுராதீங்க.